கலை வணிகத்தைப் பற்றிக் கலைஞரே மேடையில் பேசுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓவியரையோ சிற்பியையோ மேடைக்கு அழைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, கற்பனை எங்கிருந்து பிறக்கிறது, பாணி எப்படி உருவானது, யாரிடம் கற்றீர்கள் என்பவற்றைத்தான். பணத்தைப் பற்றிய பேச்சு வந்தவுடன் சிலர் சிரித்து மழுப்பிவிடுகிறார்கள். வேறு சிலர் கலைக்கு மதிப்பில்லை என்ற புலம்பலில் போய் முடிக்கிறார்கள். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே தயக்கம்தான்: விலையைப் பற்றிப் பேசினால் படைப்பின் மதிப்பு குறைந்துவிடுமோ என்ற அச்சம். ஆனால் ஓர் ஓவியம் எப்படி விலை பெறுகிறது, அந்தப் பணம் யார் யாரிடம் போகிறது, விற்ற பிறகு கலைஞரிடம் என்ன மிஞ்சுகிறது என்பதைக் கலைஞரே விளக்காவிட்டால், அதை ஏலச் செய்திகளைப் படித்துத் தாமாகவே ஊகித்துக்கொள்ளும் நிலையில்தான் கேட்பவர்கள் இருப்பார்கள்.

கலை வணிகத்தைப் பற்றிய ஒரு பொது உரையைத் தயாரிப்பது முதல், பேசி முடித்த பிறகு செய்யவேண்டியது வரையிலான படிகளை இங்கே வரிசையாகத் தருகிறேன். எல்லாப் படிகளுக்கும் அடிப்படையாக நான் கருதுவது ஒன்றுதான்: ஒரு படைப்பின் வரவு செலவைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை திறந்து காட்டும் பேச்சு, நூறு பொது அறிவுரைகளைவிடக் கேட்பவருக்கு அதிகம் பயன்படும்.

முதல் படி: யாரிடம் பேசப்போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

அழைப்பு வந்தவுடன் தலைப்பை ஏற்றுக்கொள்ளாமல், அரங்கில் அமரப்போகிறவர்கள் யார் என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். கலைக் கல்லூரி மாணவர்களுக்கு வேண்டியது, முதல் படைப்பை எப்படி விலையிடுவது, ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது என்பது. வாங்குபவர்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் வேண்டியது, ஒரு விலை எதனால் நியாயமானது என்ற விளக்கம். நிதி வழங்கும் அமைப்புகளின் பிரதிநிதிகள் கேட்க விரும்புவதோ, கலைஞரின் ஆண்டு வருமானம் எத்தனை சிறு ஓடைகளிலிருந்து வந்து சேர்கிறது என்பது. இந்த மூன்று தரப்பினரும் ஒரே அரங்கில் கலந்திருந்தால், மாணவர்களை மனத்தில் வைத்துத் தயாரியுங்கள். மாணவருக்குப் புரியும்படி சொல்லப்பட்ட கணக்கு மற்ற இருவருக்கும் புரியும், சேகரிப்பாளருக்காகத் தயாரித்த உரை மாணவருக்குப் புரியாது.

உரைக்குப் பின் கேள்வி நேரம் உண்டா, பேச்சு பதிவு செய்யப்படுமா, உங்களோடு வேறு யாராவது மேடையில் இருப்பார்களா என்பவற்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கலைக்கூட (கேலரி) உரிமையாளர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது, விற்பனையில் அவர் எடுத்துக்கொள்ளும் பங்கான கமிஷனைப் பற்றிப் பேசுவதும், தனியாக நின்று பேசுவதும் ஒன்றல்ல.

இரண்டாம் படி: உங்கள் பேச்சுக்கான கட்டணத்தை முதலில் பேசி முடியுங்கள்

இதை இரண்டாம் படியாகவே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கலைஞரின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்று பேசப்போகிற ஒருவர், அந்தப் பேச்சையே இலவசமாக ஒப்புக்கொண்டால், அரங்கில் உள்ள கூர்மையான மாணவர் ஒருவர் அதைக் கேட்டே தீருவார். "நல்ல அறிமுகம் கிடைக்கும்" என்ற வாசகத்தை எல்லாக் கலைஞர்களும் கேட்டிருப்பார்கள். அறிமுகம் கிடைக்கலாம், ஆனால் தயாரிப்புக்கான நாட்களுக்கும் பயணத்துக்கும் அது ஈடாகாது.

இந்தக் கோரிக்கை புதியதன்று. 1968-இல் கனடாவில் ஓவியர் ஜாக் சேம்பர்ஸ் முன்னின்று தொடங்கிய கார்ஃபாக் என்ற கலைஞர் அமைப்பு, காட்சிப்படுத்துவதற்கும் படங்களை மறு அச்சிடுவதற்கும் அருங்காட்சியகங்கள் கலைஞருக்குக் கட்டணம் தரவேண்டும் என்று வலியுறுத்தி, கட்டணப் பட்டியலையே உருவாக்கியது. 2008-இல் நியூயார்க்கில் உருவான டபிள்யூ.ஏ.ஜி.இ. என்ற குழு, கலைஞருக்கு முறையாகக் கட்டணம் தரும் நிறுவனங்களுக்குச் சான்றளிக்கும் முறையைப் பின்னர் கொண்டுவந்தது. உங்கள் கட்டணத்தைக் கேட்கும்போது இந்த வரலாற்றை எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமில்லை. ஆனால் கேட்பது வழக்கத்துக்கு மாறானது என்று கூச்சப்படவும் தேவையில்லை.

கட்டணம், பயணச் செலவு, உரையின் நீளம், பதிவை எங்கே எவ்வளவு காலம் வெளியிடுவார்கள், உங்கள் படங்களைச் சுவரொட்டியில் பயன்படுத்தலாமா என்பவை அனைத்தும் ஒரு மின்னஞ்சலிலாவது எழுத்தில் இருக்கட்டும். கட்டணம் தர இயலாத சிறு அமைப்பு என்றால், மனமிருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். அப்போதும் வழக்கமான கட்டணம் இன்னது, உங்களுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று எழுதி அனுப்பிவிடுவது நல்லது.

மூன்றாம் படி: ஒரு படைப்பின் கணக்கை எடுத்து விரியுங்கள்

உரையின் இதயம் இதுதான் என்பதால் தயாரிப்பு நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். நீங்கள் அண்மையில் விற்ற படைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மிக அதிக விலைக்குப் போனது வேண்டாம். வழக்கமாக நடக்கும் விற்பனையைக் காட்டுவதே பொருத்தம். உண்மையான தொகையைச் சொல்ல விருப்பமில்லையென்றால், விற்பனை விலையை 100 பங்காக வைத்துக்கொண்டு பேசலாம். எந்த நாட்டில், எந்த நாணயத்தில் பேசினாலும் இந்த முறை பொருந்தும். சொந்த வருமானத்தைத் திறந்து வைக்கவேண்டிய சங்கடமும் இல்லை.

எடுத்துக்காட்டாக, கலைக்கூடத்தின் சுவரில் 100 என்று விலையிடப்பட்ட ஓர் ஓவியத்தைப் பாருங்கள். வாங்குபவர் பழகியவர் என்பதால் 10 பங்கு தள்ளுபடி கேட்கிறார், அதற்குக் கலைக்கூடம் ஒப்புக்கொள்கிறது. மீதி 90. கலைக்கூடங்கள் பாதியைக் கமிஷனாக எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். தள்ளுபடியும் சமமாகப் பகிரப்படுகிறது என்று வைத்தால் கலைஞருக்கு வருவது 45. இதிலிருந்து கேன்வாஸ், வண்ணம் ஆகியவற்றுக்கு 6, சட்டகத்துக்கு 8, பட்டியலுக்காக எடுத்த புகைப்படத்துக்கு 2, பொதிந்து கொண்டுசேர்த்ததற்கு 4 என்று 20 பங்கு ஏற்கெனவே செலவாகிவிட்டது. மிச்சம் 25. இந்த 25-க்குள்தான் கலைஞரின் உழைப்பு, பணியறை வாடகை, வரி ஆகிய எல்லாம் அடங்கவேண்டும்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் பேச்சு பாதிதான். அடுத்த திரையில் முழுக் கண்காட்சியையும் காட்டுங்கள். அதே விலையில் 10 ஓவியங்கள் சுவரில் இருந்தன, 4 விற்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெற்றிகரமான கண்காட்சி. விலை அட்டைகளில் விற்றதைக் குறிக்கும் நான்கு சிவப்புப் பொட்டுகள் இருக்கின்றன, திறப்பு விழாவில் கூட்டமும் வந்திருந்தது. வரவோ நான்கு முறை 45, ஆக 180. ஆனால் சட்டகமும் வண்ணமும் புகைப்படமும் போக்குவரத்தும் பத்து ஓவியங்களுக்கும் ஆகியிருக்கின்றன, ஆக 200. விற்காத ஆறு ஓவியங்களைத் திரும்பக் கொண்டுவரும் செலவைச் சேர்க்காமலேயே கலைஞர் 20 பங்கு நட்டத்தில் நிற்கிறார், ஒரு மணி நேரத்துக்கான கூலிகூடக் கணக்கில் வரவில்லை. இவை எடுத்துக்காட்டு எண்கள்தான். உங்கள் நோட்டிலிருக்கும் எண்களை அதே வரிசையில் இட்டுப் பாருங்கள், எந்த வரியில் அரங்கம் அமைதியாகப் போகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

கமிஷனைக் கொள்ளை என்று காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடக் கூடாது. அந்தப் பாதியில் கலைக்கூடம் வாடகை கட்டுகிறது, ஊழியருக்குச் சம்பளம் தருகிறது, வாங்குபவர்களைப் பல ஆண்டுகளாகப் பேணி வைத்திருக்கிறது, கண்காட்சிகளுக்குக் கட்டணம் கட்டி இடம் பிடிக்கிறது. இந்தப் பாதியும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும். கலைக்கூடம் அந்த வேலைகளைச் செய்யாமல் சுவரை மட்டும் தருமானால், அதற்குப் பாதி அதிகம் என்று அப்போது தயங்காமல் சொல்லலாம்.

கலைஞர் கணக்குப் பார்ப்பது இக்காலத்துக் கெடுதல் என்று நினைப்பவர்கள் அரங்கில் இருப்பார்கள். அவர்களுக்காக ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரை நினைவுபடுத்துங்கள். பிராங்பர்ட் வணிகர் யாகோப் ஹெல்லருக்காக அவர் வரைந்த பலிபீட ஓவியத்துக்கு முதலில் பேசிய விலை 130 கில்டர்; வேலை வளர வளர அது கட்டுப்படியாகாது என்று எழுதி, கடைசியில் 200 பெற்றார். 1509-இல் அதே ஹெல்லருக்கு எழுதிய கடிதத்தில், இப்படிப்பட்ட நுணுக்க ஓவியங்களைவிட, தகட்டில் செதுக்கி அச்சிடும் செதுக்கோவியங்களில் இறங்கியிருந்தால் தாம் செல்வராகியிருக்கலாம் என்று மனக்குறையோடு குறிப்பிட்டிருக்கிறார். 1520-21-இல் நெதர்லாந்துப் பகுதிகளுக்குப் போனபோது எழுதிய நாட்குறிப்பில், எந்த அச்சு எவ்வளவுக்கு விற்றது, எது அன்பளிப்பாகப் போனது, சாப்பாட்டுக்கு என்ன செலவு என்பதெல்லாம் வரிக்கு வரி பதிவாகியிருக்கின்றன. கணக்கு எழுதியதால் அவர் கோடு மங்கிவிடவில்லை.

நான்காம் படி: எதைச் சொல்லக்கூடாது என்று பட்டியலிடுங்கள்

வெளிப்படையாகப் பேசுவதற்கும் பிறருடைய இரகசியத்தை வெளியிடுவதற்கும் இடையே உள்ள எல்லையை மேடையேறும் முன்பே வரைந்துவிடவேண்டும். பேச்சின் சூட்டில் அதை வரைய முடியாது. வாங்கியவரின் பெயரும் அவர் கொடுத்த தொகையும் அவர் சம்மதமில்லாமல் வெளிவரக் கூடாது. சக கலைஞரின் வருமானத்தையோ கடனையோ "பெயர் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் புரியும்படி பேசுவதும் அதே தவறுதான். கலைக்கூடத்தோடு நீங்கள் செய்த ஒப்பந்தத்தில் நிபந்தனைகளை வெளியிடக் கூடாது என்ற பிரிவு இருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

நடந்துகொண்டிருக்கும் தகராறை மேடையில் பேசவேண்டாம். பாக்கி வராத கலைக்கூடத்தைப் பற்றிய கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனாலும் ஒலிவாங்கியில் சொல்லப்படும் குற்றச்சாட்டு அவதூறு வழக்காகத் திரும்பக்கூடும், பாக்கி வசூலாகும் வாய்ப்பும் குறையும். அந்த அனுபவத்திலிருந்து பெறும் நடைமுறை அறிவை மட்டும் பொதுவாகச் சொல்லலாம்: படைப்பை ஒப்படைக்கும்போது கையெழுத்திட்ட பட்டியல் வாங்குதல், விற்ற நாளிலிருந்து எத்தனை நாளில் பணம் வரவேண்டும் என்பதை எழுதிக்கொள்ளுதல், சேதமானால் யார் பொறுப்பு என்பதைத் தீர்மானித்தல்.

இன்னொரு நுட்பமான பொறி உண்டு. "என்னிடம் நேரே வந்தால் குறைவான விலைக்குத் தருவேன்" என்று மேடையில் ஒருமுறை சொல்லிவிட்டால், உங்களை நம்பி முழு விலைக்கு வாங்கியவரும், அந்த விலைக்கு விற்றுத்தந்த கலைக்கூடமும் ஏமாற்றப்பட்டவர்கள் ஆகிறார்கள். பணியறையில் விற்றாலும் கூடத்தில் விற்றாலும் விலை ஒன்றாக இருக்கவேண்டும் என்பது கலை வணிகத்தில் எழுதப்படாத விதி. அந்த விதியை நீங்கள் ஏற்கவில்லையென்றால், அதைப் பற்றிக் கலைக்கூடத்தோடு முதலில் பேசிவிட்டுப் பிறகு மேடையேறுங்கள்.

ஐந்தாம் படி: பொருளை விற்பதையும் உரிமையை விற்பதையும் பிரித்துக் காட்டுங்கள்

கேட்பவர்களில் பெரும்பாலோர் அறியாத செய்தி இது என்பதால் உரையில் இதற்குத் தனி இடம் தரவேண்டும். ஓவியத்தை விற்கும்போது கைமாறுவது அந்தப் பொருள்தான். அதை அட்டைப்படமாகவோ நாட்காட்டியாகவோ சட்டையிலோ அச்சிடும் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தரப்படாதவரை, பெரும்பாலான நாடுகளில் கலைஞரிடமே தங்குகிறது. ஊழியராக இருந்து செய்த வேலைக்கும், சில நாடுகளில் பிறர் சொல்லிச் செய்த வேலைக்கும் விதி வேறுபடும் என்பதால், உரை நிகழும் நாட்டின் சட்டத்தைத் தெரிந்த ஒருவரிடம் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். படைப்பாளி என்று பெயர் குறிப்பிடப்படும் உரிமையும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் 1928-இல் பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டன. பொருளாதார உரிமைகளை விற்ற பின்னரும் இவை நிற்கும் என்பதைச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்தது மறுவிற்பனை. இதை விளக்க 1973 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ராபர்ட் ஸ்கல் என்ற சேகரிப்பாளர், 1958-இல் 900 டாலருக்கு வாங்கிய, அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரவுஷன்பர்க்கின் படைப்பை அங்கே 85,000 டாலருக்கு விற்றார். ஏலம் முடிந்தவுடன் ரவுஷன்பர்க் அவரிடமே போய், உனக்கு இலாபம் சேர்ப்பதற்காகவா நான் இத்தனை காலம் உழைத்தேன் என்ற பொருளில் சீறினார். அந்த 85,000 டாலரில் அவருக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. பிறகு அவர் மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு வேண்டும் என்று வெளிப்படையாகப் பிரச்சாரம் செய்தார். 1976-இல் கலிபோர்னியா அத்தகைய ஒரு சட்டத்தை இயற்றியது, ஆனால் பிற்காலத்தில் நீதிமன்றங்கள் அதன் பெரும்பகுதியைச் செல்லாததாக்கிவிட்டன. பிரான்சோ 1920-இலேயே இந்த உரிமையைச் சட்டமாக்கியிருந்தது; ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் அதை விரித்தது.

ஆனால் ஸ்கல்லின் தரப்பையும் நேர்மையாகச் சொல்லுங்கள். யாரும் வாங்காத காலத்தில் வாங்கியவர் அவர். அந்த ஏலத்தில் எழுந்த விலை, ரவுஷன்பர்க்கின் புதிய படைப்புகளின் விலையையும் உயர்த்தவே உதவியது. இரு பக்கத்தையும் கேட்ட பிறகு அரங்கமே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஆறாம் படி: உரையை வரிசைப்படுத்தி, திரையில் காட்டுபவற்றைக் குறையுங்கள்

தொடக்கத்தில் வாழ்க்கை வரலாறு வேண்டாம். ஏற்பாட்டாளர் அதை வாசித்திருப்பார். ஒரு படைப்பைத் திரையில் காட்டி, இது விற்ற விலையில் எத்தனை பங்கு என் கைக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று அரங்கைப் பார்த்துக் கேளுங்கள். சிலர் கை உயர்த்திச் சொல்லும் எண்களைப் பலகையில் எழுதிவிட்டு நேரே கணக்குக்குள் செல்லுங்கள். அதன்பின் உரிமைகள், அதன்பின் வருமானத்தின் பிற வழிகளான கற்பித்தல், அச்சுப் படிகள், பிறர் சொல்லிச் செய்யும் வேலை, நிதியுதவி என்பவை. முப்பது நிமிட உரைக்கு இதுவே தாராளம்.

எண்கள் உள்ள திரையில் எழுத்து பெரிதாகவும் வரிகள் குறைவாகவும் இருக்கவேண்டும்; கணக்கு ஏடு முழுவதையும் அப்படியே ஒட்டிவைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள். உங்கள் படைப்பைப் பிறர் எடுத்த புகைப்படமாகக் காட்டினால், புகைப்படக்காரரின் பெயரைக் கீழே இடுங்கள். பதிப்புரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டே அதை மீறுவது அழகல்ல.

கமிஷன், கேலரி, எடிஷன் போன்ற சொற்களைத் தூய தமிழாக்கும் முயற்சியில் குழப்பிவிடவேண்டாம். வியாபாரத்தில் புழங்கும் சொல்லையே ஆளுங்கள், முதல் முறை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். எடிஷன் என்பது ஓர் அச்சுப் படைப்பின் எண்ணிக்கை வரம்பு. 3/25 என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் இருபத்தைந்து படிகளில் மூன்றாம் எண் என்று பொருள், இருபத்தாறாவதை அச்சிட்டால் முதல் இருபத்தைந்து பேரிடம் சொன்ன சொல் தவறியதாகும். இவ்வளவு சொன்னால் போதும்.

ஏழாம் படி: கேள்வி நேரத்துக்குத் தனியாகத் தயாராகுங்கள்

உரையை நன்றாகத் தயாரித்தவர்கள்கூடத் தடுமாறும் இடம் கேள்வி நேரம். நல்ல வேளையாக, கேட்கப்படும் கேள்விகள் நாடு மாறினாலும் மாறுவதில்லை. கீழே உள்ளவற்றுக்குப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

"இதை வரைய எத்தனை நாள் ஆயிற்று?" கேட்பவரின் உள்நோக்கம் பெரும்பாலும் விலையை நாட்களால் வகுப்பதுதான். இந்தக் கேள்விக்கு மிகப் புகழ்பெற்ற பதில் 1878 நவம்பரில் இலண்டன் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ஓவியர் ஜேம்ஸ் விஸ்லரின் ஓர் இரவுக் காட்சி ஓவியத்துக்கு 200 கினி (அன்றைய ஆங்கிலப் பண அலகு) விலை கேட்டதைக் குறிப்பிட்டு, வண்ணக் குடத்தை மக்கள் முகத்தில் வீசியதற்கா இவ்வளவு என்று விமர்சகர் ஜான் ரஸ்கின் எழுதியிருந்தார்; விஸ்லர் அவதூறு வழக்குத் தொடுத்தார். குறுக்கு விசாரணையில், இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டபோது, இல்லை, வாழ்நாள் முழுவதும் உழைத்துப் பெற்ற அறிவுக்காகக் கேட்கிறேன் என்றார் விஸ்லர். இந்தப் பதிலை எடுத்துச் சொல்பவர்கள் வழக்கின் முடிவைச் சொல்வதில்லை. தீர்ப்பு அவர் பக்கம்தான். கிடைத்த இழப்பீடோ ஒரே ஒரு ஃபார்திங், அதாவது அன்றைய மிகச் சிறிய நாணயம். வழக்குச் செலவு அவர் தலையிலேயே விழுந்தது, அடுத்த ஆண்டு அவர் நொடித்துப்போனார். பதிலின் அழகையும் அதற்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்வதுதான் வணிகத்தைப் பற்றிய பேச்சுக்குப் பொருத்தம். உங்கள் சொந்தப் பதில் இன்னும் எளிமையாக இருக்கலாம்: அளவு, பொருட்செலவு, இதற்கு முன் இதே அளவுள்ள என் படைப்பு விற்ற விலை ஆகிய மூன்றையும் வைத்து விலையிடுகிறேன், நாட்களை வைத்து விலையிட்டால் மெதுவாக வரைபவர்தான் பெரிய ஓவியர் ஆவார்.

"வறுமையில் இருந்தால்தானே நல்ல கலை பிறக்கும்? வான் கோவைப் பாருங்கள்." இதற்குக் கோபப்படாமல் வான் கோவையே பார்க்கலாம். வாழ்நாளில் ஒரே ஓவியம்தான் விற்றார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. 1890-இல் பிரசல்ஸ் கண்காட்சியில் அன்னா போக் என்ற ஓவியர் 400 பிராங்குக்கு வாங்கிய "சிவப்புத் திராட்சைத் தோட்டம்" அது. ஆனால் அதற்கு முன் 1882-லேயே அவருடைய சித்தப்பா ஹேக் நகரக் காட்சிகளைப் பணம் கொடுத்து வரையச் சொல்லியிருக்கிறார். அதைவிட முக்கியமானது, அவருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிய தம்பி தியோ ஒரு கலை வணிகர். இருவரும் இறந்த பிறகு தியோவின் மனைவி யோ வான் கோ-போங்கர், ஓவியங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பி, எதை எப்போது விற்பது எதை வைத்துக்கொள்வது என்று பொறுமையாகத் தீர்மானித்து, கடிதங்களை 1914-இல் நூலாகவும் கொண்டுவந்தார். வான் கோவின் பெயர் நிலைத்ததில் அந்த வணிக உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

"கலைக்கூடமே வேண்டாம் என்று நேரே விற்றால் என்ன?" முடியும் என்று சொல்லுங்கள். 1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின் நடுவர் குழு தம் முக்கியப் படைப்புகளை மறுத்தபோது, பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே அதன் அருகிலேயே தனிக் கூடம் எழுப்பி, நுழைவுக் கட்டணம் வைத்துத் தம் படைப்புகளைக் காட்டினார்; எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2008 செப்டம்பர் 15, 16 ஆகிய நாட்களில் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட், தம் பணியறையிலிருந்து நேரே இருநூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை இலண்டனில் ஏலத்துக்கு அனுப்பி 11 கோடிப் பவுண்டுக்கு மேல் ஈட்டினார். அந்த ஏலத்தின் முதல் நாளில்தான் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. கூர்பே, ஹர்ஸ்ட் இருவரின் கதைகளையும் அடுத்தடுத்துச் சொன்னபின், ஹர்ஸ்ட் அந்த ஏலத்துக்கு வருமுன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கலைக்கூடங்களே அவருடைய சந்தையை வளர்த்திருந்தன என்பதையும் சேர்த்துவிடுங்கள். நேரே விற்பவர் கமிஷனை மிச்சப்படுத்துகிறார், கலைக்கூடம் செய்த வேலையைத் தாமே செய்கிறார். அந்த வேலைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் போகும் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

"உங்கள் ஆண்டு வருமானம் எவ்வளவு?" சொல்ல விருப்பமிருந்தால் சொல்லலாம், கடமையில்லை. "தொகையைச் சொல்லமாட்டேன், விகிதத்தைச் சொல்கிறேன்" என்று, விற்பனை, கற்பித்தல், பிற வேலை ஆகியவற்றின் பங்கைப் பிரித்துச் சொல்வது மாணவர்களுக்கு அதிகம் உதவும். குடும்பத்தின் ஆதரவோ துணைவரின் சம்பளமோ அந்தக் கணக்கைத் தாங்குகிறது என்றால் அதை மறைக்காதீர்கள். அதை மறைத்துவிட்டுச் சொல்லப்படும் வெற்றிக் கதைகளை நம்பித்தான் பல இளையவர்கள் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

"எனக்குக் குறைத்துத் தருவீர்களா?" என்று அரங்கத்திலேயே ஒருவர் கேட்பார். சிரித்துக்கொண்டே, விற்பனை பற்றி என் கலைக்கூடத்தோடு பேசுங்கள் என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

எட்டாம் படி: ஒத்திகை

கடிகாரத்தை வைத்து இரண்டு முறை முழுமையாக, நின்றபடி பேசிப் பாருங்கள். ஒருமுறை கலைத்துறையைச் சாராத ஒருவர் முன் பேசுவது நல்லது. கணக்கில் எந்த வரியில் அவர் புருவம் சுருங்குகிறதோ அந்த வரிக்கு விளக்கம் போதவில்லை. எண்களை மனப்பாடமாகச் சொல்லாமல் கையில் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஓர் எண் தவறினால் முழுக் கணக்கின் மீதும் ஐயம் விழும்.

ஒன்பதாம் படி: பேசி முடித்த பின்

மேடையிலிருந்து இறங்கியவுடன் சூழ்ந்துகொள்பவர்களில் சிலர் வாங்கும் எண்ணத்தோடு இருப்பார்கள். அங்கேயே விலை பேசாமல் பெயரையும் முகவரியையும் வாங்கிக்கொண்டு, ஒப்பந்தப்படி அது கலைக்கூடத்துக்குப் போகவேண்டிய விசாரணையா என்று பார்த்துப் பதிலளியுங்கள். மாணவர்கள் ஒப்பந்தத் தாளைக் காட்டிக் கருத்துக் கேட்டால், எந்தப் பிரிவைக் கேள்வி கேட்கவேண்டும் என்று சுட்டிக்காட்டலாம், கையெழுத்திடச் சொல்லவோ வேண்டாம் என்று தடுக்கவோ வேண்டாம். அதற்கு வழக்கறிஞர் இருக்கிறார்.

பதிவு வெளியாகும் முன் ஒருமுறை பார்க்கத் தரும்படி கேளுங்கள். தவறான எண்ணோ, வாய்தவறி வந்த ஒரு பெயரோ இருந்தால் அது வெட்டப்படவேண்டிய நேரம் அதுதான்; வெளியான பிறகு திருத்தம் கேட்டால் அதுவே தனிச் செய்தியாகிவிடும். கட்டணத்துக்கான பில்லை அதே வாரத்தில் அனுப்பிவிடுங்கள். கேள்வி நேரத்தில் பதில் சொல்ல இயலாமல் போனவற்றைக் குறித்து வைத்து, அடுத்த உரைக்கு முன் விடை தேடுங்கள். சட்டகத்தின் விலையும் போக்குவரத்துச் செலவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும் என்பதால், அந்த நூறு பங்குக் கணக்கையும் ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாகப் போடவேண்டியிருக்கும்.